சூசைரட்ணத்தின் பொறுப்பில் ஐந்து புளூபெரிப் பற்றைகள்

ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியோடு ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் காடுதான். ஸ்டேசனுக்குப் பின்னால் உயரமான அடுக்குமாடிகள், அவற்றுக்கும் பின்னால் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள். அந்த வரிசையில் கடைசிக்கு முதல் வீடு சூசைரட்ணத்தினுடையது. கடைசி வீட்டில் எட்வேட் என்ற நோர்வேக் கிழவர் தனியாக இருந்தார்.

சூசைரட்ணத்துக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. இளவாலையில் வெங்காயமும் மிளகாயும் செய்தவர். எண்பத்தேழில் நோர்வேக்கு வந்து, வடக்குக் கோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடிக் கிராமத்தில் பன்னிரண்டு வருடம் தொழிற்சாலையில் மீன் வெட்டினார். தொண்ணூற்றொன்பதில் ஒஸ்லோவுக்கு இறங்கி, ரயில் பெட்டிகள் கழுவும் இடத்தில் வேலை எடுத்தார். மனைவி அனஸ்ரேசியாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. பிள்ளைகள் இரண்டு பேரும் பேர்கனில் படித்து அங்கேயே தங்கிவிட்டார்கள்.

அவர் பேசும் நோர்வேஜிய மொழியைக் கேட்க வேண்டும். மீன் வெட்டும் மேசையில் பழகிய மொழி என்பதால் அது சுத்த வடக்குப் பேச்சு. கறுத்த மீசை வைத்த இளவாலையான் ஒருவர் கடல் காற்றில் கத்திப் பழகிய மீனவனைப்போல இழுத்துப் பேச, ஒஸ்லோக் கடைகளில் காசாளர் பெட்டைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். 'யா' என்று சொல்லும்போது மூச்சை வெளியே விடமாட்டார், உள்ளே இழுப்பார். யாரோ முதுகுக்குள் ஐஸ் கட்டி போட்டதுபோல இருக்கும். தமிழில் 'ஓம்' சொன்னாலும் அதே இழுவைதான். தேவாலயத்தில் 'ஆமென்' என்பதையும் அப்படி இழுப்பதால் அனஸ்ரேசியா இரண்டு வாங்கு தள்ளி இருந்தே பூசை காண்பார்.

இன்னொரு குணமும் அவருக்கு இருந்தது. கண்ணுக்கு முன்னால் எதுவும் பசியோடு இருக்கக் கூடாது. மின்சார மீற்றர் பார்க்க வந்தவனை மேசையில் இருத்தி இடியப்பமும் சொதியும் வைத்தார். அவன் சொதியைத் தேத்தண்ணி என்று நினைத்துக் கோப்பையோடு குடித்தான். பனிக்காலத்தில் குருவிகளுக்குச் சோறு போட்டு, எலி வருகிறது என்று வீட்டுச் சங்கத்திலிருந்து இரண்டு தரம் கடிதம் வந்தது.

எட்வேட் இதற்கு நேர்மாறு. ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது எழுபத்தெட்டு. வார்த்தைக்கு வரி கட்டுகிறவர்போலப் பேசுவார். ஆறு வருட அயலில் இரண்டு பேரும் பேசியதெல்லாம் பனி, வழுக்கல், குப்பை வாளி, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு ஓகஸ்ட் கடைசியிலும் எட்வேட் ஒரு கிண்ணம் நிறைய புளூபெரி கொண்டுவந்து வாசலில் நீட்டுவார். கிண்ணம் மீன் கட்லட்டோடு திரும்பிப் போகும். "கிண்ணம் சும்மா வந்தால் போதும்," என்பார் எட்வேட் ஒவ்வொரு வருடமும். ஒவ்வொரு வருடமும் கட்லட்டையும் முடித்துவிடுவார்.

எட்வேட் பேசியதை எல்லாம் சூசைரட்ணம் எங்களுக்குத் தமிழில்தான் சொன்னார். ஆகவே இங்கே அந்தக் கிழவர் இளவாலைத் தமிழிலேயே பேசுவார். அவருக்கு அது பொருந்தியும் இருக்கும்.

அந்தப் பழம் காய்த்த ஐந்து பற்றைகளும் எட்வேட்டின் வளவில் வேலியோரம் வரிசையாக நின்றன. காட்டில் முழங்காலுக்குக் கீழே படர்ந்து கிடக்கும் இனம் வேறு. இவை தோட்டத்து இனம், ஆள் உயரம். யூனில் வெள்ளை மணிகளாகப் பூக்கும், ஓகஸ்டில் நீலமாகக் கொத்துக் கொத்தாகப் பழுக்கும், செப்டெம்பரில் இலை எல்லாம் இரத்தச் சிவப்பு. நட்டது எட்வேட்டின் மனைவி சோல்வை. அவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. பெண்சாதியின் உடுப்புகளைக் கொடுத்துவிட்ட மனிதர், கட்டிலையும் கொடுத்துவிட்ட மனிதர், அந்தப் பற்றைகளுக்குக் குருவி வலை கட்டுவதற்காக மட்டும் எழுபத்தெட்டு வயதில் ஏணி ஏறினார்.

இரண்டாயிரத்தைந்து நொவெம்பரில் எட்வேட் குப்பை போடப் போன வழியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்தார். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன சூசைரட்ணத்திடம் தலையணைக்குக் கீழேயிருந்து வீட்டுத் திறப்பை எடுத்து நீட்டினார்.

"குழாய் உறையாமல் இடைக்கிடை அடுப்பை மூட்டு. பற்றையளையும் உன்னட்டைத்தான் விடுறன்."

"விடு. நான் பாக்கிறன்."

"பாக்க மட்டும் பார். ஒண்டும் போடாதை."

"ஒண்டுமோ?"

"ஒண்டும். வசந்தத்தில பைன் மரப்பட்டைத் தூள் ஒரு பிடி. காய்ஞ்சால் மழைத்தண்ணி. எரு இல்லை, சுண்ணாம்பு இல்லை, உரம் இல்லை. சொல்லு பாப்பம்."

"எரு இல்லை, சுண்ணாம்பு இல்லை, உரம் இல்லை."

"இன்னொருக்கால்."

சூசைரட்ணம் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இன்னொரு தரம் சொன்னார். எட்வேட் அவருடைய கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு வருடத்தில் அவர் கை கொடுத்தது அதுதான் முதல் தரம். அந்தக் கை காய்ச்சலில் கொதித்ததென்று சூசைரட்ணம் சொல்வார்.

வீட்டுக்கு வந்தவருக்கு மனம் ஆறவில்லை. ஒன்றும் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது என்றால் அது எந்த வகைப் பார்த்தல்? இரண்டு வீட்டிலும் விறகு அடுப்பு எரிந்தது. இரண்டிலும் சாம்பல் சேர்ந்தது. இளவாலையில் அவர் கையால் வளர்ந்த எதுவும் சாம்பல் காணாமல் வளரவில்லை. வெங்காயத்துக்குச் சாம்பல், மிளகாய்க்குச் சாம்பல், கத்தரிக்குப் பூச்சி விழுந்தாலும் சாம்பல். சனிக்கிழமை காலை வாளியோடு அவர் வேலிப்பக்கம் போவதை அனஸ்ரேசியா யன்னலால் கண்டார்.

"இஞ்சருங்கோப்பா, என்ன அது?"

"சாம்பல்."

"அந்த மனிசன் ஒண்டும் போடாதை எண்டவரெல்லோ?"

"எரு, சுண்ணாம்பு, உரம். இது மூண்டும்தான் அவர் சொன்னது. சாம்பல் இதில எதிலயும் சேராது."

"ஓமோம். ஏவாளும் உப்பிடித்தான் சொல்லியிருப்பாள். பழம் எண்டுதானே சொன்னது, தோல் எண்டு சொல்லேல்லையே எண்டு."

"நீர் சும்மா இரும். அவர் ட்ராம் ஓட்டினவர். நான் தோட்டம் செய்தவன். வசந்தத்தில பாரும், அவர் வந்து என்ன செய்தனீ எண்டு கேப்பார்."

பனிக்காலம் முழுக்கச் சனிக்கிழமை தோறும் இரண்டு வாளி போனது. வெள்ளைப் பனியில் ஐந்து கறுப்பு வட்டங்கள். ஏப்ரலில் நிலம் இளகியதும் மண்வெட்டி எடுத்து ஒவ்வொரு பற்றையையும் சுற்றிக் கொத்தி, சாம்பலை உள்ளே கலந்து, கொட் மீன் தலைகளையும் முள்ளையும் புதைத்தார். கொத்தும்போது தலைமயிர்போல மெல்லிய வேர்கள் கத்தை கத்தையாக மண்வெட்டியில் வந்தன. பழைய வேர் அறுந்தால் புது வேர் ஓடும் என்று அவர் அதைத் தட்டிவிட்டுப் போனார்.

எட்வேட்டின் முதல் அறுவைச் சிகிச்சை சரிவரவில்லை. பெப்ரவரியில் இரண்டாவது செய்தார்கள். மார்ச்சில் நகரத்துக்குள் ஒரு முதியோர் இல்லத்துக்கு மாற்றினார்கள். ஓகஸ்ட் கடைசியில் நகரசபை ஆட்கள் வந்து பார்ப்பார்கள். பிடித்து நடக்கும் சில்லு வண்டியைத் தள்ளிக்கொண்டு நாற்பது அடி நடந்து, மூன்று படி ஏறினால் எட்வேட் வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் அந்த அறையே நிரந்தரம். பிள்ளைகுட்டி இல்லாதவரின் வீடு கைமாறும். பற்றைகளும் அதோடு போகும்.

ஞாயிறு தோறும் பூசை முடிந்து, அதே கோட்டோடு சூசைரட்ணம் அங்கே போவார். மே மாதத்தில் எட்வேட் கட்டிலைவிட்டு எழும்பியிருக்கவில்லை. நடைப்பயிற்சி கொடுக்கும் உயரமான நேர்ஸ் வாசலில் நின்று தலையாட்டினாள். "இவருக்கு விருப்பம் இல்லை," என்றாள், அவர் அங்கே இல்லாததுபோல.

"பூத்திட்டுதோ?" என்று கேட்டார் எட்வேட்.

பூக்கவில்லை. இலை வந்திருந்தது, ஆனால் நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். காமாலை பிடித்த நிறம். பசிதான் என்று தீர்மானித்த சூசைரட்ணம் அந்தக் கிழமை சாம்பலை இரட்டிப்பாக்கியிருந்தார். இவ்வளவையும் சொல்ல வாயைத் திறந்தவர், கட்டிலில் கிடந்த முகத்தைப் பார்த்தார்.

"அரும்பு கட்டியிருக்கு," என்றார்.

"எத்தினை பற்றையில?"

"அஞ்சிலயும்."

எட்வேட் கட்டில் விளிம்பைப் பிடித்து எழும்பி இருந்தார். பிறகு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு நான்கு அடி நடந்தார்.

அடுத்த ஞாயிறு, "தேனீ வருதோ?" என்றார்.

"வருது. கூட்டமா வருது."

ஒன்பது அடி. அதற்கடுத்த ஞாயிறு காய் கடுகளவு என்றார் சூசைரட்ணம், எட்வேட் பதினைந்து அடி போனார். ஒவ்வொரு பொய்யையும் தின்றுவிட்டுக் கிழவர் நாலைந்து அடி கூட நடந்தார். நேர்ஸ் சூசைரட்ணத்தின் முதுகில் தட்டி, "நீ வாற நாள்தான் இவருக்கு மருந்து," என்றாள். ரயிலில் திரும்பி வரும்போது அவர் வெஸ்ட்லி வரைக்கும் நின்றுகொண்டே வருவார். இருக்கை காலியாக இருந்தாலும் இருக்கமாட்டார்.

யூன் கடைசியில் மூன்று பற்றைகளில் இலை ஓரம் கருகி உதிரத் தொடங்கியது. ஒரு கொப்பை ஒடித்துப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. அன்று பின்னேரமே ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் மண்ணும் இலையும் எடுத்துக்கொண்டு, செடிகள் விற்கும் கடையொன்றுக்குப் போனார். அங்கே துஷ்யா வேலை செய்தாள். பாட்ஸ்பியோர்ட்டில் இவரோடு மீன் வெட்டியவரின் மகள், அங்கேயே பிறந்தவள், ஒஸ்லோவில் விவசாயப் பாடம் படித்துக்கொண்டு விடுமுறைக்கு அந்தக் கடையில் நின்றாள். அவள் பேசும் தமிழில் பாதி நொஸ்க், அதாவது நோர்வேஜியம், இருக்கும், கேள்வி எல்லாம் பொலிஸ் கேள்வியாக இருக்கும்.

"மாமா, இது ஆற்றை மண்?"

"எங்கட வளவு மண்தான் பிள்ளை."

"இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை. கொஞ்சம் சாம்பல்."

துஷ்யா பெட்டியை வாங்கினாள். ஒரு சின்னக் குழாயில் மண்ணையும் தண்ணீரையும் விட்டுக் குலுக்கி, காகிதத் துண்டொன்றைத் தோய்த்து, நிறப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். திரும்பவும் இன்னொரு துண்டு தோய்த்தாள்.

"கொஞ்சம் எண்டால் எவ்வளவு மாமா?"

"கிழமைக்கு ரண்டு வாளி. நொவெம்பரில துடங்கினது. இப்ப நாலு."

"இது சூர் மண்ணில வளர்ற மரம். சூர் எண்டால்... புளிப்பு. எங்கட ஸ்கூக்... காடு எல்லாம் பைன் இலை விழுந்து புளிச்ச மண். அதுக்குத்தான் அங்க தானா வளருது. காகிதத்தில நாலரை, அஞ்சு காட்டவேணும். உங்கட மண் ஏழைத் தாண்டிட்டுது. சாம்பல் புளிப்பை முறிச்சுப்போடும், சுண்ணாம்பு மாதிரி."

"சுண்ணாம்பு மாதிரியோ."

"அதே வேலைதான். வேரால ஒண்டும் இழுக்க ஏலாது. பக்கத்தில சாப்பாடு இருக்கும், சாப்பிட ஏலாது." அவள் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "ஊரில சாம்பல் போடுறவை எண்டு அம்மாவும் சொல்லுறவா. பிழை இல்லை மாமா. மரம்தான் வேற."

"இனி என்ன செய்யலாம்?"

"மேல்மண்ணை அள்ளி எறியுங்கோ. கையால அள்ளுங்கோ, மண்வெட்டி வேண்டாம், வேர் மேலதான் ஓடும். பிறகு தொர்வ் நிரப்புங்கோ. மழைத்தண்ணி மட்டும் விடுங்கோ." தொர்வ் என்பது சதுப்பு நிலத்தில் வெட்டி எடுக்கும் கறுத்த பாசி மண். "ஆனா இலை விழுந்ததுகளுக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

மூன்று பின்னேரங்கள் அவர் முழங்காலில் நின்று கையால் மண் அள்ளினார். பாதி மக்கிய மீன் தலைகள் ஒவ்வொன்றாக வந்தன. யூலை நடுப்பகுதியில் மூன்று பற்றைகளும் விறகாகிவிட்டன. வேலியின் மேல்கோடியில் நின்ற இரண்டில் மட்டும் அடியிலிருந்து சில பச்சைத் துளிர்கள்.

"அவருக்குச் சொல்லப் போறன்," என்றார் மனைவியிடம்.

அனஸ்ரேசியா சட்டி கழுவுவதை நிறுத்தவில்லை. "எத்தினை அடி நடக்கிறார்?"

"முப்பது."

"இன்னும் பத்து. அதுக்குப் பிறகு சொல்லுங்கோ."

"பொய்யில நடக்கிறாரப்பா."

"எதில நடந்தால் என்ன? நான் ஏழு வருசமா அந்தச் சனத்தின்ரை அறை கூட்டுறன். வீட்டை போகவேணும் எண்டு நினைக்கிற சனம் எழும்பி நடக்கும். ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்சால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திடும். பிறகு சாப்பாடு இறங்காது. ரண்டு மாசம். நான் கண்டனான், உங்களுக்குத் தெரியாது." தண்ணீரை மூடிவிட்டு, துணியில் கை துடைத்தார். "அந்த மனிசனைக் கொல்லாதேங்கோ. மரம் செத்தது செத்ததுதான்."

மனைவி சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் சூசைரட்ணத்துக்குக் கஷ்டமாக இருந்தது.

மாதம் ஒருதரம் தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தார். இதைச் சூசைரட்ணமே வெளியில் சொன்னபடியால் எழுதுகிறேன், சுவாமி வாய் திறக்கவில்லை. வாக்கை மீறினேன், பொய் சொன்னேன், ஏழு ஞாயிறு தொடர்ந்து சொன்னேன் என்று முழங்காலில் நின்று சொல்லி முடித்துவிட்டு, பரிகாரமாக அருள் நிறைந்த மந்திரம் ஐம்பதோ நூறோ என்று காத்திருந்தார்.

சுவாமி மூக்கை உறிஞ்சினார். அவருக்குக் கோடையில் மகரந்தம் ஒத்துக்கொள்ளாது. "சூசை, பற்றை என்ரையோ?"

"இல்லை சுவாமி."

"பிறகேன் என்னட்டைச் சொல்லுறீர்? கடவுள் மன்னிச்சிடுவார், அது அவற்றை வேலை. கிழவன்ரை பங்கு கிழவனட்டை இருக்கு. அவரட்டைச் சொல்லிப்போட்டு வாரும், மந்திரத்தைப் பிறகு பாப்பம்."

"சொன்னால் நடக்கிறதை விட்டிடுவார் எண்டு மனிசி சொல்லுறா."

சுவாமி கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். "விடவும் கூடும்," என்றார். "எனக்குத் தெரியாது."

அந்த ஞாயிறு எட்வேட் யன்னலோரக் கதிரையில் நிமிர்ந்திருந்தார். முப்பத்திமூன்று என்று நேர்ஸ் விரல்களைக் காட்டிவிட்டுப் போனாள். மேசையில் ஒரு வெற்றுக் கிண்ணம். முதல் பழத்தைக் கொண்டுவருவதற்கென்று சமையலறையில் கேட்டு வாங்கி வைத்திருந்தார்.

"நிறம் மாறிட்டுதோ?"

சூசைரட்ணம் இருக்கவில்லை. "எட்வேட், மூண்டு பற்றை செத்துப்போச்சு. ரண்டு இருக்கு. அதுவும் நிக்குமோ தெரியாது."

கிழவர் கதிரையில் முன்னுக்கு வந்தார். "பூச்சியோ?"

"நான்."

"என்ன போட்டனீ?"

"சாம்பல். அடுப்புச் சாம்பல். பனிக்காலம் முழுக்க. கொத்தினனான், மீன் தலையும் தாட்டனான்."

"ஒண்டும் போடாதை எண்டனான்."

"ஓம்."

"ரண்டு தரம் சொல்ல வைச்சனான்."

"ஓம். சொன்னனான்."

"ஏன் போட்டனீ?"

இதற்கான பதிலை அவர் ரயிலில் ஆயத்தப்படுத்திக்கொண்டுதான் வந்தார். இளவாலை, வெங்காயம், கத்தரி எல்லாம் அதில் இருந்தது. அங்கே நின்றபோது அதை விட்டுவிட்டார். "உன்னைவிட எனக்குத் தெரியும் எண்டு நினைச்சிட்டன்," என்றார்.

எட்வேட் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே கார் நிறுத்துமிடம் மட்டும்தான்.

"தேனீ?"

"தேனீ வரேல்லை."

"கூட்டமா வந்தது எண்டாய்."

"பூவே இல்லை, எட்வேட். நான் சொல்லச் சொல்ல நீ நடந்தாய். அதாலை சொன்னனான்."

"போ," என்றார் கிழவர். குரலை உயர்த்தவில்லை. "போ இஞ்சையிருந்து."

அடுத்த ஞாயிறு அறைக் கதவு சாத்தியிருந்தது. யாரையும் பார்க்க விருப்பமில்லையாம் என்றாள் நேர்ஸ். கிழமை முழுக்க வண்டியைத் தொடவில்லை, இரண்டு நாளாகக் கஞ்சியும் வேண்டாமாம். என்ன நடந்ததென்று கேட்டாள். தன்னால்தான் என்றார் சூசைரட்ணம். நடைவழிக் கதிரையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வந்தார். அனஸ்ரேசியா கேள்வி கேட்கவில்லை. கோட்டை வாங்கிக் கொழுவிவிட்டுச் செபமாலையை எடுத்தார். மனைவி தன்னை ஏசியிருந்தால் அந்த இரவு சாப்பிட்டிருப்பேன் என்று அவர் சொல்வார்.

அதற்கடுத்த ஞாயிறும் கதவு சாத்தித்தான் இருந்தது. இடுக்கால் பார்த்தார். கட்டிலில் முதுகு தெரிந்தது. முகம் சுவர்ப்பக்கம்.

கிழமை நாட்களில் வேலை முடிந்து வந்தவுடன் அந்த இரண்டு பற்றைகளுக்கு முன்னால் குந்துவார். கூரைப் பீலியிலிருந்து பீப்பாவில் சேர்ந்த மழைத்தண்ணீரை ஒரு சுண்டுக் கணக்கில் விடுவார், அவ்வளவுதான். கை துடித்தாலும் வேறொன்றும் செய்யமாட்டார். ஒன்றில் துளிர் நீண்டது. மற்றதில் இன்னுமொரு கொப்புக் காய்ந்தது.

மூன்றாவது ஞாயிறு கதவு திறந்து கிடந்தது. எட்வேட் கட்டிலில் சாய்ந்திருந்தார். கன்னம் உள்ளே போயிருந்தது.

"எந்த ரண்டு?"

"மேல்கோடி ரண்டும்."

"இரு." சூசைரட்ணம் கதிரை விளிம்பில் இருந்தார். "அதுகளுக்கு என்ன செய்யிறாய்?"

"மேல்மண் மாத்தினனான். தொர்வ் போட்டது. மழைத்தண்ணி விடுறன்."

"எவ்வளவு ஆழம் அள்ளினனீ?"

"ஒரு சாண்."

"கையாலயோ?"

"கையால."

"பொய்யோ?"

"இல்லை."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்?" எட்வேட் போர்வையை விலக்கினார். கால் இரண்டும் குச்சியாகக் கிடந்தன. "உன்ர வாயால வாற ஒண்டையும் இனி நான் நம்பேலாது. கண்ணால பாத்தால்தான். வண்டியைத் தள்ளு இஞ்சாலை."

ஐந்து அடி நடந்தார். ஐந்தாவது அடியில் முழங்கால் மடங்கியது. பிடிக்கப் போன சூசைரட்ணத்தை முழங்கையால் இடித்துத் தள்ளினார்.

அதன் பிறகு ஞாயிறு தோறும் ஒரு விசாரணைதான் நடந்தது. சூசைரட்ணம் வாசலில் நின்றபடியே உள்ளதைச் சொல்வார். "ரண்டாவதில இன்னொரு கொப்புப் பட்டுப்போச்சு." "இந்தக் கிழமை மாற்றம் ஒண்டும் இல்லை." "மூண்டு புது இலை. ஓரம் கொஞ்சம் மஞ்சள்." நல்லதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்ல நாக்கு உந்தும், அடக்கிக்கொள்வார். எட்வேட் ஒவ்வொன்றுக்கும் முகத்தைச் சுளித்துவிட்டு எழும்பி நடப்பார். கள்ளனைப் பிடிக்கப் போகிறவரின் நடை. ஒரு ஞாயிறு நடையைப் பாதியில் நிறுத்தி, "அந்தப் பழுப்பு இலையைக் கொண்டுவந்து காட்டு," என்றார். கொண்டுபோய்க் காட்டினார். கண்ணாடி போட்டு முன்னும் பின்னும் பார்த்துவிட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டார்.

ஓகஸ்ட் கடைசியில் நகரசபை ஆட்கள் வந்தபோது முப்பத்தாறு அடியில் நின்றுவிட்டார். இன்னும் இரண்டு கிழமை தவணை கேட்டார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்று நேர்ஸ் சொன்னாள். செப்டெம்பர் நடுவில் நாற்பதைத் தாண்டி, மூன்று படியும் ஏறினார். மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

ஒரு சனிக்கிழமை காலை டாக்சி வந்து அவரை வாசலில் இறக்கியது. வீட்டுக்குள் போகவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே வேலிப்பக்கம் வந்தார். மேல்கோடி இரண்டிலும் இருந்த கொஞ்ச இலை சிவந்திருந்தது. மற்ற மூன்றும் சாம்பல் நிறத்தில் விறைத்து நின்றன. எட்வேட் குனிய முடியாமல் குனிந்து, உயிரோடிருந்த பற்றையின் அடி மண்ணுக்குள் விரலை விட்டார். விரல் போகுமளவுக்கு விட்டுப் பார்த்தார். எடுத்து முகர்ந்தார்.

"ஒரு சாண் சரிதான்," என்றார்.

பிறகு கொட்டிலில் இருக்கும் வில்வாளையும் ஒரு குசினிக் கதிரையையும் கொண்டுவரச் சொன்னார். கதிரையில் இருந்தபடி முதலாவது செத்த பற்றையைத் தானே அறுக்கத் தொடங்கினார். நான்கு இழுப்புக்கு ஒரு மூச்சு. சூசைரட்ணம் கொப்பைப் பிடிக்கக் கை நீட்டினார்.

"கையை எடு."

எடுத்தார். அனஸ்ரேசியா வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். முதலாவது சாயப் பதினைந்து நிமிடம் சென்றது. கதிரையை நகர்த்தி இரண்டாவது. அது இன்னும் நேரம் எடுத்தது. கிழவரின் கழுத்தடியில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மூன்றாவதுக்கு முன்னால் கதிரையைப் போட்டபின், வாளை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பற்றையைப் பார்த்தபடி இருந்தார்.

"இதைத்தான் சோல்வை முதல் நட்டவள்."



எட்வேட் வாளைக் கைப்பிடி முன்னாக நீட்டினார். "இது நீ."

அவர் வாங்கிக்கொண்டு முழங்காலில் நின்றார். காய்ந்த தண்டில் வாள் இலகுவாகப் போனது. பாதியில் மேலே பார்த்தார்.

"இன்னும் கீழ," என்றார் கிழவர்.

வாளை எடுத்து, மண் மட்டத்தில் வைத்து, கன்னம் நிலத்தில் முட்டக் குனிந்து திரும்பவும் அறுத்தார். பற்றை ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. தூக்கி மற்ற இரண்டோடும் சேர்த்து அடுக்கிவிட்டு வந்து நின்றார். எட்வேட் கதிரைக் கையைப் பிடித்து எழும்பி, வண்டியைத் தன் பக்கம் இழுத்தார்.

"நாளைக்கு வேரைக் கிண்டவேணும்," என்றார். "பூசைக்கு முதல் வா. எட்டு மணிக்கு."

"வாறன்," என்றார் சூசைரட்ணம்.